நகர்வும் வெட்டும்
ஆடுகளங்களின் வரலாறு – 8

போரைப் பலகைக்குக் கொண்டுவரும் ஆட்டம் எதுவானாலும், அதற்கு விதி வகுப்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒரு காய் ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் போகலாம்? எதிரியை நெருங்கியதும் அதன் நடை என்ன ஆகிறது? நகர்வு, வெட்டு இரண்டில் அதிர்ஷ்டத்துக்கு எதில் இடம்? 1974-ல் அமெரிக்காவில் அச்சேறிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை ஆட்டங்கள் எல்லாம் இந்த மூன்றுக்காகத் தடித்த புத்தகங்களை எழுதியிருக்கின்றன. காவிரிப் படுகையில் இவற்றுக்கான விடைகள் புத்தகத்தில் ஏறாமல், மண்டபத் தரையிலும் வீட்டுத் திண்ணையிலும் கோடாகக் கீறப்பட்டு வழங்கிவந்திருக்கின்றன. ஆடு புலி ஆட்டம் ஒரு விடை, தாயம் இன்னொன்று, சதுரங்கம் மூன்றாவது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டவருக்கு மேசைப் போரின் விதிநூலில் அந்நியமாகத் தோன்றும் பகுதி மிகக் குறைவு.

களம் முதலில், காய் பிறகு. வட்டாட்டத்துக்குக் கோடு கீறிய அரங்கு வேண்டும் என்பது தமிழருக்கு எவ்வளவு பழகிய செய்தி என்றால், திருக்குறளின் ‘கல்லாமை’ அதிகாரம் அதை விளக்காமலே உவமையாக எடுத்தாள்கிறது. கோடு என்பது அழகுக்கு இட்டதல்ல. எங்கே கோடு இருக்கிறதோ அங்கேதான் நடை. கோடில்லாத இடம் காய்க்கு மதில்.

ஆடு புலி ஆட்டத்தின் பலகை இதற்கு நல்ல சான்று. பரவலாக வழங்கும் வடிவில் புள்ளிகள் 23. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்குகின்றன. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் குறுக்கே வெட்டி, இருபுறமும் வெளியே நீண்டு, பக்கக் கோடுகளில் முடிகின்றன. ஆகக் கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். எல்லாவற்றுக்கும் கீழே அடிக்கோட்டில் நான்கு. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் இருக்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் இடம் பெயரக் கூடாது. அதற்குள் புலி பதினைந்து முறை நகர்ந்துவிடும். புலி கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்குப் போகலாம். அல்லது பக்கத்துப் புள்ளியில் உள்ள ஆட்டை, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், தாவி வெட்டலாம். ஆடு ஒரு புள்ளி மட்டுமே நகரும், வெட்டாது. புலிகளுக்கு நகர வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

இங்கே தூரம் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு தாவலில் இருக்கிறது. தாவலை நிறுத்துவதற்கான வழியும் விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆடுகள் நின்றால் முன்னதைப் புலி தொட முடியாது. தனி ஆடு இரை. பின்னால் துணை நிற்கும் ஆடு தடுப்பு. ஒரு காயின் பலம் அதனிடம் இல்லாமல், அதற்குப் பின்னுள்ள புள்ளியில் யார் நிற்கிறார் என்பதில் இருப்பது இந்த ஆட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பு. ஐரோப்பியப் போர் ஆட்டங்கள் அணிவகுப்புக்கும் பக்கத்துணைக்கும் தனித்தனியே அட்டவணை போட்டுச் சொன்னதை, ஆடு புலி ஒரு காலிப் புள்ளியைக் கொண்டு சொல்லிவிடுகிறது.

நிலமும் இதில் பேசுகிறது. உச்சிப் புள்ளியில் நிற்கும் புலியை ஆடுகளால் மட்டுமே அடைக்க வேண்டுமானால், நான்கு சாய்கோட்டிலும் முதல் புள்ளியையும் அதன் பின்புள்ளியையும் நிரப்ப வேண்டும். எட்டு ஆடுகள் தேவை. அதே புலி பக்கக் கோட்டின் மேல்மூலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து கிளம்பும் வழிகள் இரண்டுதான். நான்கு ஆடுகள் போதும். அதனால்தான் தேர்ந்த ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைக் காவு கொடுத்தாவது புலியை ஓரத்துக்கு இழுக்கப் பார்ப்பார். பதினைந்தில் ஐந்து போய்விட்டால் மீதிப் பத்தை வைத்துக்கொண்டு மூன்று புலிகளை அடைப்பது கடினம். எத்தனை ஆடு போனால் தோல்வி, தாவல் ஒரு நகர்வுக்கு ஒன்றுதானா, தொடர்ந்தும் தாவலாமா என்பதிலெல்லாம் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். கட்டமைப்பு மாறாது. நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டத்தில் புலி நான்கு, ஆடு இருபது. அங்கும் தாவலும் அடைப்புமே ஆட்டம். பகடைக்கு எங்கும் வேலை இல்லை.

தாயத்தில் நிலைமை தலைகீழ். நான்கு முகமுள்ள நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டை உருட்டுகிறார்கள். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒரு புள்ளியும் விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் களத்துக்குள் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறுபடி உருட்டும் உரிமை உண்டு. எதிரியின் காய் இருக்கும் கட்டத்தில் சரியாகப் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் வெளியேறி மறுபடி தாயத்துக்குக் காத்திருக்கும். குறுக்குக் கோடிட்ட ‘மலை’க் கட்டத்தில் இருக்கும் காயை யாரும் தொட முடியாது. ஒரு வெட்டாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் போகக் கூடாது, காயைக் கரைசேர்த்துப் பழம் எடுக்கக் கூடாது என்று பல வீடுகளில் விதி.

வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி போன்ற கண் விழிக்கும் இரவுகளில் பரமபதத்தோடு தாயமும் களைகட்டுவது தஞ்சை வட்டார வீடுகளுக்குப் புதிதல்ல. தாயத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டிய விதி ஒன்று உண்டு. காய் எவ்வளவு தூரம் போகும் என்பது ஆடுபவர் கையில் இல்லை, கட்டையின் கையில். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் வெட்டு உறுதி. எதிர்க்காய்க்குத் தப்பும் வாய்ப்போ காயத்தோடு பிழைக்கும் வாய்ப்போ கிடையாது. நடையில் அதிர்ஷ்டம், அடியில் நிச்சயம். மேசைப் பாத்திர ஆட்டங்கள் இதை அப்படியே புரட்டிப் போட்டவை என்பது பின்னால் தெரியவரும்.

பூவனூரின் காய்கள்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில், பாமணி ஆற்றின் கரையில் இருக்கிறது திருப்பூவனூர். அப்பரின் ஐந்தாம் திருமுறைப் பதிகம் பெற்ற தலம். இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். பாண்டி நாட்டரசனின் வளர்ப்பு மகளாக வந்த ராஜராஜேஸ்வரி, தன்னைச் சதுரங்கத்தில் வெல்பவரையே மணப்பதாக இருந்தாள் என்றும், சிவன் முதியவராக வந்து ஆடி வென்று மணந்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னையில் நடந்த தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார். அதன்பின் வெளியூரிலிருந்து வருவோர் நடுவில் ஊரின் பெயர் பரவியது. புராணத்தை வைத்து ஆட்டத்தின் காலத்தைக் கணிக்க முடியாது. ஆனால் சோழ நாட்டு நெல்வயல்களுக்கு நடுவே ஒரு பாடல் பெற்ற தலத்தின் இறைவனே சதுரங்க வல்லுநன் என்று பெயர் தாங்கி நிற்பது, இந்த ஆட்டத்துக்கு இம்மண்ணில் கிடைத்த மதிப்பைக் காட்டுகிறது.

அந்த ஆட்டத்தின் காய்கள் இன்றைய செஸ் காய்களைப்போல நடக்கவில்லை. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி, சாய்வாக ஒரு கட்டம் மட்டும் போகும். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம். குதிரையும், மூலையில் நிற்கும் தேரும் மட்டுமே இன்றுவரை நடை மாறாதவை. யானை விஷயத்தில் ஒரே முடிவு இல்லை. அரபு நாடுகளுக்குப் போன வடிவில் அது சாய்வாக இரண்டாம் கட்டத்துக்குத் தாவியது. 1030-ஐ ஒட்டி வடமேற்கு இந்தியாவில் தாம் கண்ட நால்வர் ஆட்டத்தை எழுதிய அல்-பிரூனி, யானை நேர் முன்னால் ஒரு கட்டமோ நான்கு சாய்மூலைகளில் ஒன்றுக்கோ போகும் என்கிறார். துதிக்கையும் நான்கு கால்களுமாக ஐந்து திசை என்பது அவர் தரும் விளக்கம். விதி வகுத்தவர் மிருகத்தின் உடலைப் பார்த்து நடையைத் தீர்மானித்திருக்கிறார்! அந்த நால்வர் ஆட்டத்தில் பகடையும் உண்டு. எந்தக் காய் நகர வேண்டும் என்பதைப் பகடை சொன்னது. பின்னர் இருவர் ஆட்டத்திலிருந்து பகடை முற்றிலும் விலகியது. நடையும் நிச்சயம், வெட்டும் நிச்சயம் என்ற மூன்றாவது விடை அப்படித்தான் நிலைத்தது.

நடைவிதி ஆட்டத்தைத் தாண்டிக் கவிதைக்குள்ளும் நுழைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தின் ருத்ரடர், தேர், யானை, குதிரை மூன்றின் நடைக்கும் ஏற்பச் சித்திரக்கவி அமைத்தார். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் திருவரங்கத்தில், 13–14-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் இதில் இன்னொரு படி ஏறினார். அவருடைய பாதுகா சகஸ்ரத்தில் 929, 930-ஆம் சுலோகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதன் 32 எழுத்துகளை, வரிக்கு எட்டாக நான்கு வரிகளில், அதாவது சதுரங்கப் பலகையின் சரிபாதியில், எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் குதிரையை நிறுத்தி, குதிரை நடையிலேயே எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 32 கட்டங்களையும் சுற்றிவந்து, மிதித்த வரிசையில் எழுத்துகளைப் படித்தால் பின்னது வந்துவிடும். இரண்டும் பொருளுள்ள சுலோகங்கள், இரண்டும் அரங்கனின் பாதுகையைப் பற்றியவை. குதிரை பலகை முழுவதையும் சுற்றிவரும் கணக்கை ஐரோப்பாவில் கணித அறிஞர் ஆய்லர் கட்டுரையாக எழுதியது 1759-ல். அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் அந்தக் கணக்கைத் தெரிந்துவைத்ததோடு நில்லாமல், அதில் மொழியை ஏற்றிக் காட்டியிருக்கிறார் ஒருவர். குதிரை நடையை இதைவிட ஆழமாக யோசித்த இன்னொருவரைச் சதுரங்க வரலாற்றில் காட்டுவது அரிது.

1475-ஐ ஒட்டி ஸ்பெயினின் வலென்சியாவில் காய்களின் நடை மாறியது. மந்திரி ராணியாகி எட்டுத் திசையிலும் எல்லை வரை பாய்ந்தது. யானை இருந்த இடத்துக் காய் சாய்வில் எல்லையில்லாமல் போனது. நீண்டு வளர்ந்த ஆட்டம் சில நகர்வுகளிலேயே முடியக்கூடியதாயிற்று. இந்தியாவில் நீண்ட தூரம் போகும் ராணி வந்த பின்னும் வீட்டு விதிகள் வெகுகாலம் விட்டுக்கொடுக்கவில்லை. சிப்பாய் ஒரு கட்டம்தான். ராஜா அதுவரை நகராமலும் முற்றுகைக்கு ஆளாகாமலும் இருந்தால் ஒரே ஒருமுறை குதிரையைப்போலத் தாவலாம். எட்டாம் வரிசையைத் தொட்ட சிப்பாய் அந்தப் பத்தியின் காயாகத்தான் மாறும். விரும்பிய காயாக மாறாது.

ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்ற சின்ன வேறுபாடு ஆட்டத்தின் போக்கையே தீர்மானித்தது. சிப்பாய் மெல்ல நகரும் பலகையில் நடுக்களத்தை முதல் நகர்விலேயே பிடிக்க முடியாது. அதனால் இந்திய ஆட்டக்காரர்கள் ஓரத்தில் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக அடுக்கி, எதிரியை முன்னேறவிட்டு, பிறகு நடுவை உடைக்கும் முறையை வளர்த்தார்கள். 1850-களில் கல்கத்தாவில் ஜான் கோக்ரேன் என்ற ஆட்டக்காரரோடு ஐரோப்பிய விதியில் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி இந்தப் பழக்கத்தை அங்கும் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் ‘கிங்ஸ் இந்தியன்’ என்று பெயர் பெற்ற தற்காப்பின் பின்னணி அதுதான். பஞ்சாபின் மீர் சுல்தான் கான் நாட்டு விதியில் கற்று, பிறகு ஐரோப்பிய விதிக்கு மாறி, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். காவிரிப் படுகையின் மயிலாடுதுறையில் 1969 டிசம்பர் 11-ல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் காலத்தில் உலகம் முழுவதற்கும் ஒரே விதிதான். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான அவர் ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் பெற்றார்.

நிலம் பலகைக்குள் வருகிறது

சதுரங்கத்தில் 64 கட்டமும் ஒரே தரை. ஆறில்லை, சேறில்லை. நிஜப் போரை அறிந்தவர்களுக்கு இது குறையாகவே பட்டது. 1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கத்தை விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட போர்ப் பலகை ஒன்றைச் செய்தார். கட்டங்களின் நிறம் நிலத்தைச் சொன்னது: சமவெளிக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. எந்தக் காய் எந்த நிறத்தில் நுழையலாம் என்று விதி இருந்தது. போர் ஆட்ட வரலாற்றில் ‘நிலத்துக்கேற்ற நடை’ இங்கிருந்து விதியாகிறது.

அதே காலத்தில் தஞ்சைப் படுகை நிஜப் போரில் சிக்கியிருந்தது. 1781-ல் ஹைதர் அலியின் படை நுழைந்து வயலையும் ஊரையும் அழித்தது. 1782 பிப்ரவரியில், கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக்கரையில், கர்னல் பிரெய்த்வெயிட்டின் கும்பினிப் படையை ஹைதரின் மகன் திப்பு வளைத்துக்கொண்டார். எண்ணிக்கையிலும் குதிரையிலும் திப்புவின் கை ஓங்கியிருந்தது. கும்பினிச் சிப்பாய்கள் நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக அணிவகுத்தார்கள். சதுரம் குலையாதவரை குதிரைப்படை உள்ளே புக முடியாது. ஆனால் சதுரமாக நிற்கும் படை இருந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும். பீரங்கிக்கு அது அசையாத இலக்கு. கடைசியில் படை வீழ்ந்தது, பிரெய்த்வெயிட் சிறைப்பட்டார். பாதுகாப்பும் நடையும் ஒன்றையொன்று தின்னும் என்ற இந்த உண்மையைப் போர் ஆட்டத்தின் எந்த விதிநூலும் தவிர்க்க முடிந்ததில்லை.

பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ், தந்தை தொடங்கிய வேலையை 1824-ல் முடித்து ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற ஆட்டத்தை இராணுவத்துக்குக் கொடுத்தார். கட்டங்கள் போயின, 1:8000 அளவில் வரைந்த நிஜ வரைபடம் வந்தது. ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர்; அதற்குள் காலாள் எவ்வளவு, குதிரை எவ்வளவு போகும் என்று அளந்து நகர்த்தினார்கள். மோதலின் விளைவைப் பகடை சொன்னது. நடுவர் ஒருவர் இரு தரப்பின் கட்டளைகளையும் வாங்கி, யாருக்கு எது தெரியும் என்று தீர்மானித்தார். நடையில் நிச்சயம், அடியில் அதிர்ஷ்டம்: தாயத்துக்கு நேர் எதிரான நான்காவது விடை இங்கே பிறக்கிறது. எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ அதை வரவேற்பறைத் தரைக்குக் கொண்டுவந்தது. பொம்மைக் காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரை இரண்டடி.

1954-ல் அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ் ‘டாக்டிக்ஸ்’ ஆட்டத்தைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு பலகைப் போர் வியாபாரமானது. அதன் கட்டங்கள் சதுரம். சதுரத்தில் ஒரு சிக்கல் உண்டு: சாய்வாகப் போகிறவன் நேராகப் போகிறவனைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு தூரம் போய்விடுகிறான். 1961-ல் ‘கெட்டிஸ்பர்க்’ ஆட்டத்தின் பதிப்பில் அறுகோணக் கட்டம் அந்தக் கோணலைத் தீர்த்தது. இந்த வகை ஆட்டங்கள் நிலைநிறுத்திய இன்னொரு விதி, ஒவ்வொரு படையும் தன்னைச் சுற்றியுள்ள கட்டங்களை ஆளுகிறது என்பது. எதிரி அங்கே காலடி வைத்தால் நின்றுவிட வேண்டும். எதிரியைத் தொடாமலே அவன் நடையைக் கட்டிப்போடலாம். துணை ஆட்டைப் பின்னால் நிறுத்திப் புலியின் தாவலை மறிப்பவரும் இதைத்தான் செய்கிறார்.

முப்பதடி நடை

1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் இடைக்காலப் போருக்கு ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் இருந்தார்கள். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், படைக்குப் பதில் தனி ஆளை முன்னிறுத்தியது. ஆனாலும் நடையை அளந்தது பொம்மைப் படையின் அங்குலக் கணக்கில்தான். சுமையில்லாத ஆளுக்குப் பன்னிரண்டு அங்குலம். ஓர் அங்குலம் நிலவறைக்குள் பத்தடி, திறந்தவெளியில் பத்து கஜம். கவசத்தின் கனம் ஏற ஏற அங்குலம் குறைந்தது. அடி விழுமா என்பதை இருபது முகப் பகடை சொன்னது. 1978-79-ல் விரிவாக்கப்பட்ட பதிப்பில் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். சண்டையிலிருந்து முதுகைக் காட்டி ஓடுகிறவன்மேல் எதிரிக்கு இலவச அடி உண்டு என்ற விதி அந்தத் தலைமுறையில் உறுதிப்பட்டது.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு நடையைக் கட்டத்தோடு இறுக்கிக் கட்டியது. கட்டம் ஐந்தடிச் சதுரம், சுற்று ஆறு வினாடி, மனிதனின் நடை முப்பதடி. எதிரியின் கைக்கெட்டும் கட்டத்திலிருந்து வெளியே கால் வைத்தாலே எதிரிக்கு ‘வாய்ப்படி’, அதாவது வாய்ப்பாகக் கிடைக்கும் இலவச அடி. வேறெங்கும் நகராதவனுக்கு மட்டும் ஐந்தடி எச்சரிக்கை நகர்வு இலவசம். 2008-ன் நான்காம் பதிப்பு அடியை விட்டுக் கட்டத்தையே எண்ணியது. சாய்வுக்கும் ஒன்று, நேருக்கும் ஒன்று. எதிரியைத் தள்ளுவது, இழுப்பது, வழுக்கிச் செல்ல வைப்பது எல்லாம் வீரர்களின் வித்தையாயின. எல்லாப் பதிப்புகளிலும் சதுரங்கத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான். அதை விரும்பாதவர்கள் சொன்ன குறையும் அதுவே. 2014-ன் ஐந்தாம் பதிப்பு கட்டுகளைத் தளர்த்தியது. பாதி நடந்து, வெட்டி, மீதியை நடக்கலாம். எதிரியைச் சுற்றிவருவதற்குத் தண்டனை இல்லை. அவன் கைக்கெட்டும் எல்லையைவிட்டு வெளியேறினால் மட்டும் வாய்ப்படி.

இந்த விதியைத் தஞ்சை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். நடவு முடிந்த வயல். நடுவே ஒரு வரப்பு. வரப்பின் மறுமுனையில் கோயில் மண்டபம். முப்பதடி நடையுள்ள ஒருவன் வரப்பில் ஒரே சுற்றில் ஆறு கட்டம் போகலாம். சேற்றில் இறங்கினால் அது கடின நிலம். ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி செலவு, ஆக மூன்று கட்டம்தான். வரப்பு ஒரு கட்ட அகலம். அதன் நடுவில் எதிரி ஒருவன் நின்றுவிட்டால் அவன் நிற்கும் கட்டத்தில் நுழைய முடியாது. சேற்றில் இறங்கிச் சுற்ற வேண்டும். சுற்றி அவன் கைக்கெட்டாத தூரத்துக்குப் போகும் கணத்தில் வாய்ப்படி விழும். அடிபடாமல் விலக வேண்டுமானால் அந்தச் சுற்றில் தாக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, விலகலையே தன் செயலாக அறிவிக்க வேண்டும். ஒரு காவல்காரனும் ஒரு வரப்பும் ஒரு கூட்டத்தையே மறித்துவிடும். விதிநூலில் பல பக்கங்களுக்குப் பரந்து கிடக்கும் செய்தி இவ்வளவுதான்: குறைந்த கோடுகள் உள்ள இடத்தில் நிற்பவனுக்குக் காவலும் எளிது, அவனை அடைப்பதும் எளிது. மேல்மூலையில் மாட்டிய புலிக்கும் அதே கணக்கு.

மேசைப் பாத்திர ஆட்டங்களுக்கும் நம் ஊர் ஆட்டங்களுக்கும் நடுவே உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஒவ்வொரு பதிப்பும் அச்சில் இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த விதி மாறியது, யார் மாற்றினார் என்று காட்ட முடியும். ஆடு புலிக்கும் தாயத்துக்கும் அந்த வசதி இல்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரைக் கற்களில் கீறிய ஆட்டக் களங்கள் இன்றும் தெரிகின்றன. திருப்பணியில் தரைக்குப் புதுக்கல் பாவும்போது அவை மறைந்துபோகும். விதியோ ஆடியவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலிலோ பழைய வீட்டுத் திண்ணையிலோ அப்படி ஒரு களம் இருந்தால், புள்ளிகளை எண்ணிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நான்கு: புலிகள் தொடங்கும் புள்ளிகள் எவை, தாவல் ஒரு முறைதானா, எத்தனை ஆடு போனால் தோல்வி, தாயத்தில் வெட்டாதவருக்குப் பழம் உண்டா.

(தொடரும்)